வேலைத்தலத்தின் வாசலோடு நின்றுவிடும் சட்டம்

மலைநாட்டுத் தோட்ட மக்களின் சமய வாழ்வைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் திருவிழாவிலேயே தொடங்கித் திருவிழாவிலேயே முடித்துவிடுகின்றனர். மாரியம்மன் கரகம், காமன் கூத்து, தீமிதிப்பு, தேர்பவனி ஆகியன நமது கதைகளிலும் கட்டுரைகளிலும் போதிய இடம் பெற்றுள்ளன. அவை இடம்பெற வேண்டியவையே. ஆயினும் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே நின்றுவிட்டது. முதல்நாள் இரவு கரகம் எடுத்த தொழிலாளி மறுநாட் காலை பெரட்டுக்களத்தில் வந்து நின்றபோது, அவனுடைய சமயத்துக்கு அவ்விடத்தில் என்ன மதிப்பு இருந்தது? கோயிலில் அவன் பக்தன். லயத்தில் அவன் குடும்பத்தலைவன். பெரட்டுக்களத்தில் அவன் யார்? இக்கேள்வியை இலக்கியமும் கேட்க வேண்டும். சட்டமும் கேட்க வேண்டும். இரண்டும் தயங்கியே நிற்கின்றன என்பது நமது கருத்து.

பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் கடைசிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்துக்களும் கத்தோலிக்கரும் ஏனைய கிறிஸ்தவர்களும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்கின்றனர். அவர்களைச் சுற்றியுள்ள கிராமங்கள் சிங்கள பௌத்த மக்களுடையவை. கடைவீதியில் முஸ்லிம் வணிகர் உள்ளனர். நான்கு சமயங்களும் கூலியும் சந்தையும் பேருந்தும் பங்கிட்டு வாழும் இத்தகைய இடத்திலேதான் தொழிற்றல சமயப் பாகுபாடு என்னும் பிரச்சினையை ஆராய்வது பொருத்தமாகும்.

இங்கே ஓர் எழுத்தாளரை நினைவுகூர்தல் தகும். ஹாலிஎலயை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 ஆம் ஆண்டு பிறந்து, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்தவர். அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதை, லயத்தின் ஒற்றையறை ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்வாறு தின்றுவிடுகிறது என்பதைக் காட்டுவது. அந்த ஒற்றையறை இந்துவுக்கு ஓர் அளவும் கிறிஸ்தவனுக்கு வேறோர் அளவுமாகக் கட்டப்படவில்லை. சுரண்டலுக்குச் சமய வேறுபாடு தெரியாது என்ற உண்மையை மலையக இலக்கியம் இவ்வாறு நன்கு நிலைநாட்டியது. அந்த உண்மையின் மறுபக்கமே இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. சுரண்டலுக்குச் சமய வேறுபாடு தெரியாவிடினும், சுரண்டுவோருக்கு அவ்வேறுபாட்டைப் பயன்படுத்தத் தெரியும்.

தோட்டத்தில் சமயம் தொடக்கம் முதலே சலுகையாக வந்தது. கோயிலுக்கு நிலம் ஒதுக்குவதும், திருவிழாவுக்கு நாள் விடுவதும், கொடியேற்றத்துக்கு வந்து மாலை மரியாதை பெற்றுக்கொள்வதும் துரையின் தயவாக இருந்தன. பெரிய கங்காணி கோயிலின் தர்மகர்த்தாவாகவும் விளங்கினார். வேலைவாங்கும் கையும் விபூதி கொடுக்கும் கையும் ஒன்றாயின. தீபாவளி முற்பணத்தை எடுத்துக்கொள்வோம். பண்டிகை நெருங்கும்போது அது பெரும் செய்தியாகிறது. அதனைப் பெற்றுத்தந்ததாகத் தொழிற்சங்கத் தலைவர்கள் பெருமை பேசுகின்றனர். அந்த முற்பணம் கடனாகும். பண்டிகை முடிந்தபின் மாதந்தோறும் சம்பளத்தில் அது கழிக்கப்படுகிறது. தன் கூலியையே முன்கூட்டி வாங்கிப் பண்டிகை கொண்டாடும் தொழிலாளி, அதற்காக நன்றியும் செலுத்துகிறான்! சலுகை என்பதன் இயல்பு இதுவே. கொடுப்பவன் மறுக்கவும் கூடும் என்ற அச்சத்தின் மீதே அது நிற்கிறது. உரிமைக்கு அந்த அச்சம் இல்லை. ஆகவே, தொழிலாளியின் சமயம் சலுகையிலிருந்து உரிமைக்கு மாறியிருக்கிறதா என்று பார்ப்போம்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை வாசிப்போர்க்கு முதலில் நம்பிக்கையே பிறக்கும். பத்தாம் உறுப்புரை ஒவ்வோர் ஆளுக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை அளிக்கிறது. பன்னிரண்டாம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமமென்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாதென்கிறது. பதினான்காம் உறுப்புரை தன் சமயத்தைத் தனித்தோ கூடியோ, மறைவாகவோ வெளிப்படையாகவோ அனுட்டிக்கும் உரிமையைத் தருகிறது. ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கும்போதும் ஏனைய சமயங்களின் உரிமைகளைக் காப்பதாகவே கூறுகிறது.

இனி, இவ்வுரிமை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று பார்க்க வேண்டும். பதினேழாம், நூற்றிருபத்தாறாம் உறுப்புரைகள் அதற்கு வழி சொல்கின்றன. உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும். ஆனால் மீறல், நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் நேர்ந்திருத்தல் வேண்டும். அதாவது, மீறியது அரசாக இருத்தல் வேண்டும். அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கூட்டுத்தாபனங்களையும் இதற்குள் அடக்க நீதிமன்றங்கள் சில வழக்குகளில் முன்வந்துள்ளன. தனியார் முதலாளியோ இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். கடை முதலாளி, ஆடைத் தொழிற்சாலை நிர்வாகி, தோட்டக் கம்பெனி ஆகியோர் சமயத்தைக் காரணமாக்கி ஒருவரை வேலைக்குச் சேர்க்க மறுத்தால், அடிப்படை உரிமை மனு அவர்களைத் தீண்டாது.

இதே பன்னிரண்டாம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கூர்ந்து நோக்கத்தக்கது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், களியாட்ட இடங்கள், தன் சொந்தச் சமயத்தின் வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதில் இனம், மதம், சாதி முதலியவற்றைக் காட்டி யாரையும் தடுக்கலாகாதென்று அது விதிக்கிறது. கடைக்குப் பொருள் வாங்க வருபவரை நமது அரசியலமைப்பு நினைத்துப் பார்த்திருக்கிறது. அதே கடையில் காலைமுதல் இரவுவரை நின்று பொருள் நிறுத்துக் கொடுப்பவரை அது நினைத்துப் பார்க்கவில்லை. வாங்குபவருக்குள்ள பாதுகாப்பு உழைப்பவருக்கு இல்லை. ஒரு சமுதாயம் யாரை மனிதராக எண்ணிச் சட்டம் எழுதுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஊவாத் தோட்டத் தொழிலாளியின் வரலாற்றோடு இதனைப் பொருத்திப் பார்க்கும்போது கசப்பான உண்மையொன்று வெளிப்படுகிறது. கம்பெனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 வரை அரச நிறுவனங்களே தோட்டங்களை நிர்வகித்தன. ஆகவே அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் முதலாளி அரசு. ஆனால் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களில் பலர் அப்போது பிரசைகளாக இல்லை. மதத்தைக் காட்டிப் பாரபட்சம் செய்யலாகாதென்னும் பந்தியோ ‘பிரசை’ என்ற சொல்லோடு நிற்கிறது. சமயத்தை அனுட்டிக்கும் உரிமையும் வேறு நாட்டுப் பிரசைகளல்லாத நிரந்தரவாசிகளுக்குப் பத்தாண்டுத் தவணைக்கே கொடுக்கப்பட்டது. பின்னர் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் இம்மக்களைப் பிரசைகளாக்கின. அதற்கிடையில், 1992 இல், தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. முதலாளி அரசாக இருந்தபோது தொழிலாளி பிரசையாக இல்லை. தொழிலாளி பிரசையானபோது முதலாளி அரசாக இல்லை! எவரும் திட்டமிட்டு இதனைச் செய்தனரென்று நாம் கூறவில்லை. ஆனால் விளைவு ஒன்றே. உரிமை ஒரு பக்கமாகவும் உழைப்பாளி மறுபக்கமாகவும் ஒருவரையொருவர் காணாமற் கடந்து சென்றுவிட்டனர்.

அரசியலமைப்பு கைவிட்ட இடத்தில் தொழிற்சட்டம் துணைநிற்கிறதா? ஓரளவுக்கு நிற்கிறது, அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1957 இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் தோன்றின. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி அங்கே முறையிடலாம். தொழிற்சங்கமே அவருக்காக வாதாடலாம். சபை ஒப்பந்தத்தின் வாசகத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. நியாயமும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கலாம். சமயம் காரணமாகவே ஒருவர் நீக்கப்பட்டாரென்று காட்டப்படுமாயின் அதனை நியாயமென்று எந்தச் சபையும் சொல்லாது. இடதுசாரி இயக்கத்தின் நெடிய போராட்டங்கள் உருவாக்கிய சூழலிலேயே இச்சபைகள் பிறந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் இச்சபையின் கதவு பெரும்பாலும் வேலைநீக்கத்துக்கே திறக்கிறது. பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் முதலாளிக்கு எதிராக என்ன செய்வது? வேலைக்குச் சேராதவர் வேலைநீக்கம் செய்யப்பட்டவராகார். பொட்டையோ சிலுவையையோ தலைமறைப்பையோ கழற்றிவிட்டு வரச்சொல்லும் மேற்பார்வையாளர், பண்டிகை நாளில் வராதவருக்கு ‘பேர்’ வெட்டும் கணக்கப்பிள்ளை, பதவியுயர்வில் ஒரே சமயத்தாரையே தெரிந்தெடுக்கும் நிர்வாகி ஆகியோரின் செயல்கள் இக்கதவைத் தட்டுவதற்குப் போதுமானவையல்ல. 1999 ஆம் ஆண்டின் திருத்தம் தொழிற்சங்க அங்கத்துவத்துக்காக ஒருவரைத் தண்டிப்பதை நியாயமற்ற தொழில் நடைமுறையென்று பெயர்சொல்லித் தடைசெய்தது. அது நல்ல திருத்தம். அதே பட்டியலில் சமயத்துக்கும் ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? தொழிலிலும் உத்தியோகத்திலும் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்யும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 111 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998 இலேயே ஏற்று ஒப்பமிட்டிருந்தது. அச்சமவாயம் சமயத்தை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஜெனீவாவில் கொடுத்த வாக்கு ஹாலிஎல வரை வந்துசேரவில்லை.

சிலர் இவ்விடத்தில், “எந்த விதியும் எந்தச் சமயத்தையும் பெயர்சொல்லி ஒதுக்கவில்லையே, பின் பாகுபாடு எங்கே?” என்று வினவக்கூடும். இக்கேள்விக்கு மலையக மக்களைவிடச் சிறந்த விடை தரக்கூடியவர் வேறெவருமில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்ற சொல்லே இல்லை. பரம்பரை பரம்பரையாக இந்நாட்டில் பிறந்ததைக் காட்டு என்பதே விதி. யாவருக்கும் பொதுவான விதிதான். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாதவர் யாரென்பது விதி எழுதியோருக்குத் தெரியும். சமுதாயங்களுக்கிடையே பாரபட்சமான சட்டம் ஆக்கலாகாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு இருந்தும், 1953 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் இச்சட்டத்தில் குற்றம் காணவில்லை. பெயர் சொல்லாமலே ஒரு சமுதாயத்தை வெளியேற்ற முடியும் என்ற பாடத்தை நாம் அன்றே கற்றோம்.

அந்தப் பாடத்தை வேலைத்தலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வாரவிடுமுறையாக இருக்கவில்லை. போயா நாட்களே அவ்விடத்தைப் பெற்றன. ஞாயிறு பூசைக்குச் செல்லும் கிறிஸ்தவத் தொழிலாளியின் பெயர் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆயினும் அவருடைய வழிபாட்டு நாள் வேலைநாளாயிற்று. இன்றைய வர்த்தக விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால், முழுமதிப் போயா நாட்கள் அனைத்தும் அதில் உள்ளன. தைப்பொங்கலும் மீலாத் தினமும் கிறிஸ்துமஸும் உள்ளன. தீபாவளி இல்லை, பெரிய வெள்ளி இல்லை, இரண்டு பெருநாட்களும் இல்லை. அவை அரச காரியாலயத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை. லயத்திலிருந்து இறங்கிப் பதுளைக் கடையொன்றில் வேலைசெய்யும் பெண்ணுக்குத் தீபாவளி தினம் சட்டப்படி ஒரு சாதாரண வேலைநாள். முதலாளி விட்டால் விடுமுறை, விடாவிட்டால் இல்லை. திரும்பவும் சலுகையிடமே வந்து நிற்கிறோம்.

இவற்றினும் கடுமையானது 2019 இல் நிகழ்ந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவ்வாண்டு மே மாத இறுதியில் வெளியான பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அரச காரியாலயங்களில் பெண் உத்தியோகத்தர் சேலையோ ஒசரியோ அணிதல் வேண்டுமென்றது. முஸ்லிம் என்ற சொல் அதில் இல்லை; அபாயா என்ற சொல்லும் தேவைப்படவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு உள்ளிட்டோர் எதிர்த்தபின் அது திருத்தப்பட்டது. சேலை அணியும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சுற்றுநிருபத்தால் தொல்லையில்லை. தொல்லையில்லாதவர் மௌனமாக இருந்துவிடுவதே இத்தகைய விதிகளின் பலம்.

மௌனத்தைப் பற்றிப் பேசும்போது நமது சொந்த வீட்டையும் திறந்து பார்க்க வேண்டும். திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிராக 2018 ஏப்ரலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு நியாயம் ஆசிரியைகளின் பக்கமே என்று கண்டது. அவ்வாறிருந்தும் 2022 பெப்ரவரியில் மீண்டும் கடமையேற்கச் சென்ற ஆசிரியை ஒருவரின் வருகை எதிர்ப்பையும் அமளியையும் சந்தித்தது. ஒரு பாடசாலைக்குத் தன் பண்பாட்டைப் பேணும் விருப்பம் இருத்தல் இயல்பு. ஆனால் அப்பண்பாடு ஆசிரியையின் உடலின் மேல் விதிக்கப்படும் கட்டளையாகும்போது, அது வேலைகொடுப்போரின் அதிகாரமாகிவிடுகிறது. பெரும்பான்மையின் பாகுபாட்டைப் பேரினவாதமென்று கண்டித்துவிட்டு, நம் கையிலுள்ள சிறு அதிகாரத்தால் நாம் செய்வதைப் ‘பாரம்பரியம்’ என்று அழைப்பது எவ்வகை நியாயம்? ஊவாத் தொழிலாளியின் உரிமையைக் கேட்கும் வாய், திருகோணமலை ஆசிரியையின் உரிமையை மறுக்குமாயின், அது கேட்பது உரிமையன்று. தனக்கு மட்டும் ஒரு சலுகை.

முற்போக்காளருள் ஒரு சாரார் வேறொரு மறுப்புக் கூறுவர். சமயம் தனிமனிதரின் விடயம். தொழிலாளியை வர்க்கமாகத் திரட்டுவோர் கோயிலையும் பள்ளிவாசலையும் பற்றிக் கவலைகொள்வானேன் என்பர். இந்த வாதம் தீவிரமானதுபோலத் தோன்றினும் உண்மையில் சோம்பலானது. 1940 இல் பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் ஊவாவின் பெருமைகளுள் ஒன்று. அத்தகைய ஒற்றுமையைத் தொழிலாளர், தத்தம் நம்பிக்கைகளை லயத்தில் விட்டுவிட்டு வந்து கட்டவில்லை. நம்பிக்கையின் காரணமாக ஒருவர் தண்டிக்கப்படும்போது அடுத்தவர் ஒதுங்கி நிற்பாராயின், சம்பளத்துக்கான போராட்டத்திலும் அவர்கள் தோளோடு தோள் நிற்கமாட்டார்கள். சமயத்தை நம்புவதும் நம்பாதிருப்பதும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதற்காக ஒருவரின் கூலியைப் பறிப்பது மனச்சாட்சியின் விடயமன்று, அது தொழிற்பிணக்கு.

தனியார் முதலாளியைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாதென்று சொல்வோர்க்கு நமது நாட்டிலேயே விடையுண்டு. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்கும் தனிமனிதரைக் குற்றவாளியாக்கியது. 1968 இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தபோது அச்சட்டம் நீதிமன்றம் வரை சென்றது. சாதிக்கு இயன்றது சமயத்துக்கு ஏன் இயலாது? வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு வேலை மறுக்கப்பட்டமை நெடுங்கால வேதனை. அங்கே 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வேலைத்தலச் சமயப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அது போதாதென்று கண்டு 1989 இல் வந்த சட்டம், தன்னிடம் வேலைசெய்வோரின் சமயக் கணக்கை முதலாளியே ஒப்படைக்க வேண்டுமென விதித்தது. பாகுபாட்டை நிரூபிக்கும் சுமை தனித்து நிற்கும் ஒரு தொழிலாளியின் தலையில் மாத்திரம் ஏறலாகாது என்பதே அதன் பொருள்.

இன்னொரு நாடு நமக்கு உறவுமுறையானது. ஊவாவுக்குத் தேயிலை பயிரிட வந்தவர்களைப் போலவே தமிழகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு பயிரிடச் சென்றவர்களும் உண்டு. தென்னாபிரிக்காவின் 1998 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், தனியார் முதலாளி உட்பட எவரும் சமயத்தைக் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடைசெய்கிறது. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. டர்பன் பாடசாலையொன்றில் தமிழ் மாணவியொருத்தி மூக்குத்தி அணிவதைச் சீருடை விதியைக் காட்டித் தடுத்தது தவறென்றும், பொது விதியை நடத்துவோர் வேறுபட்டோருக்கு நியாயமான இடங்கொடுத்தே ஆகவேண்டுமென்றும் அது கூறியது. பாடசாலையைப் பற்றிய வழக்காயினும் தத்துவம் வேலைத்தலத்துக்கும் பொருந்தும். ஒரே மண்ணிலிருந்து கூலிக்குப் புறப்பட்ட இரண்டு கூட்டத்தினருள் ஒன்று பெற்றதை மற்றது கேட்பதில் மிகையொன்றுமில்லை.

எனவே கேட்க வேண்டியவை தெளிவாகவே உள்ளன. வேலைக்குச் சேர்த்தல், சம்பளம், பதவியுயர்வு, இடமாற்றம், உடை, விடுமுறை, வேலைநீக்கம் ஆகிய அனைத்திலும் சமயப் பாகுபாட்டைத் தனியார் துறைக்கும் சேர்த்துத் தடைசெய்யும் சட்டம் வேண்டும். அம்முறைப்பாட்டைத் தொழில் நியாய சபையே விசாரித்தல் வேண்டும். பதுளையிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர் பயணஞ்செய்து கொழும்பில் ஒரு மாதத்துக்குள் மனுப்போடும் வசதி கொழுந்து பறிப்பவருக்கு இல்லை. ஆண்டுக்குச் சில நாட்களைத் தன் பண்டிகைக்கெனத் தொழிலாளியே தெரிந்துகொள்ளும் உரிமையும் வேண்டும். தொழிற்சட்டங்கள் யாவையும் ஒன்றாக்கும் யோசனை 2023 இல் வந்தபோது தொழிற்சங்கங்கள் பலவற்றைக் கண்டித்தன. இனி அத்தகைய முயற்சி எப்பொழுது வந்தாலும், இந்த ஒரு வரி அதில் உண்டா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

அதுவரை இருக்கின்ற பாதுகாப்பைப் பயன்படுத்த நமது ஆசிரியரும் மாணவரும் துணைநிற்கலாம். அரச சேவையிலிருப்போர் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் உயர் நீதிமன்றத் தவணையில் கணக்கிடப்படாது. இதனைப் பலர் அறியார். தனியார் துறையில் நீக்கப்பட்டோர், கடிதத்தையும் நாளையும் சாட்சியையும் காத்துவைத்துச் சங்கத்தின் மூலம் நியாய சபைக்குச் செல்லலாம். கோயிற் பணமாயினும் வேறெந்தப் பணமாயினும் தொழிலாளியின் சம்மதமின்றிச் சம்பளத்திற் கழிக்கலாகாதென்பது 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் விதி. மாற்றுச் சமயத்தவரின் கூலியிலிருந்து கோயில் வரி பிடிக்கப்படுமாயின், அதை முதலிற் கேட்க வேண்டியவர் அக்கோயிலில் கும்பிடும் தொழிலாளியே.

இலக்கியத்துக்கும் இதிற் பங்குண்டு. திருவிழாவை எழுதியவர்கள் இனித் திருவிழாவுக்கு மறுநாளையும் எழுதட்டும். பேர் வெட்டப்பட்டவளின் சம்பளச்சீட்டையும், பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தையும், தன் சமயத்தவனல்லாத சக தொழிலாளிக்காகப் பெரட்டுக்களத்தில் வாய்திறந்தவனையும் நமது கதைகள் அறிந்துகொள்ளட்டும். சட்டம் எழுதுவோர் கடைக்குள் நுழைபவரைக் கண்டனர். கடைக்குள் நிற்பவரைக் காட்ட வேண்டிய கடமை எழுத்தாளரைச் சார்ந்தது.